பாய்ப்பலகைத் தேர்வுக் குழுவின் ஒருமனதான முடிவு

கடலைப் பற்றி முடிவெடுக்க உலகிலேயே பொருத்தமான இடம் நான்காவது மாடிதான் என்பதைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் இயக்ககத்தையே சேரும். கரையில் நின்று முடிவெடுத்தவர்களை அலை குழப்பியிருக்கிறது. படகில் நின்று முடிவெடுத்தவர்களுக்கு வாந்தி வந்திருக்கிறது. நான்காவது மாடியிலோ ஜன்னல் கண்ணாடியைத் திறக்கவே முடியாது. குளிர்சாதனம் இருபத்து நான்கில் நிற்கும். கடல் ஒரு காலண்டர் படமாகச் சுவரில் தொங்கும். கூட்டம் முடியும் வரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. இவ்வளவு ஒழுக்கமான கடலை எதிரில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு எப்படித் தப்பாகும்?

இயக்ககத்தின் முழுப் பெயர் ‘கரையோரத் தீவக ஆவணப் பரிமாற்ற ஒருங்கிணைப்பு இயக்ககம்’. புள்ளி வைத்தவற்றையும் சேர்த்தால் முப்பது எழுத்து. கடலுக்கு அப்பால் ஒரு தீவு. தீவில் எங்கள் கிளை அலுவலகம். இங்கிருந்து அங்கே காகிதம் அனுப்புவோம். காகிதம் வந்து சேர்ந்தது என்று அங்கிருந்து ஒரு காகிதம் வரும். இந்த அரும்பணியில் நான் பிரிவுக் கண்காணிப்பாளர். கூட்டக் குறிப்பு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். என் பணிப் பதிவேட்டிலேயே அப்படி எழுதியிருக்கிறது. எழுதியவனும் நான்தான்.

பொன்விழா ஆண்டு வந்தது. எங்கள் இயக்குநர் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு பத்திரிகையைப் புரட்டியபோது ஒரு படத்தைக் கண்டார். கடலில் ஒருவன் பலகையின் மேல் நிற்கிறான். பலகையில் ஒரு பாய்மரம் நட்டிருக்கிறது. பாயைக் கையாலேயே பிடித்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தான் நினைத்த பக்கம் போகிறான். ‘விண்ட்சர்ஃபிங்’ என்று கீழே போட்டிருந்தது. ஓர் உயரதிகாரியின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் படம் பிடித்ததில்லை. இயக்குநர் அந்தப் பக்கத்தைச் சத்தம் வராமல் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பல்லைப் பிடுங்கிக்கொள்ளாமலே அலுவலகம் திரும்பினார்.

“பொன்விழா அன்னிக்கு நம்ம வாழ்த்து மடல் தீவுக்கு இப்படித்தான் போகணும்” என்றார்.

பதினெட்டு கிலோமீட்டர் திறந்த கடல். அறையே ஆஹா என்றது. “யார் போறது?” என்று இயக்குநர் கேட்டதும் அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அப்போதுதான் என் வாய் திறந்துகொண்டது.

“என் மச்சினன் இருக்கான் சார்!”

இருக்கத்தான் செய்தான். என் மனைவியின் ஒரே தம்பி. ஊருக்கு வெளியே உப்பங்கழியில், இடுப்பளவு தண்ணீரில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு விண்ட்சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறவன். நண்பர்களோடு இரண்டு முறை தீவு வரை போய் வந்திருக்கிறான். எழுபத்தெட்டு கிலோ எடை. உண்மையை மட்டும் பேசுவான். இந்தக் குறையைத் தவிர அருமையான பையன்.

அன்று மாலை சமையலறை வாசலில் நின்றபடி விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“யாரைக் கேட்டு அவன் பேரைச் சொன்னீங்க?”

“கூட்டத்துல வாக்கு குடுத்துட்டேன்.”

“உங்க வாக்கை நீங்க குடுங்க. என் தம்பியை எதுக்குக் குடுக்கறீங்க?”

மைத்துனன்தான் சமாதானம் செய்தான். “விடுக்கா. சாமான் சரியா இருந்தா பதினெட்டு கிலோமீட்டர் பெரிய விஷயமில்ல. அத்தான் பேசிட்டாரு, அவர் பேச்சு கீழ விழ வேண்டாம்.” பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டே சொன்னான்: “அந்த மாசத்துல நடுக்கடல்ல மணிக்கு முப்பத்தஞ்சு கிலோமீட்டர் காத்து அடிக்கும் அத்தான். அதனால பாய் சின்னதா இருக்கணும், அஞ்சு சதுர மீட்டர் போதும். பலகை பெரிசா இருக்கணும். நூத்தி முப்பது லிட்டர் மிதப்பு. காத்து நின்னுபோனாலும் நான் அது மேல ஏறி நிக்கணும் பாருங்க. பாய் ஆரஞ்சு நிறம். லைஃப் ஜாக்கெட், பாயோட என்னை மாட்டி வைக்கற இடுப்பு வார், தண்ணி படாத வயர்லெஸ் ஒண்ணு. அவ்வளவுதான். என்னோட சாமானையே எடுத்துட்டு வரச் சொன்னாலும் சரி.”

“தனியார் பொருளை இயக்கக விழாவுல பயன்படுத்த முடியாதுப்பா. எல்லாம் புதுசா வாங்கிடுவோம்.”

“இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அவன் தண்ணியில கால் வைக்க மாட்டான்” என்றாள் என் மனைவி. அவனிடமல்ல, என்னிடம். “நீங்க இருக்கீங்கல்ல? நீங்க பார்த்துக்கங்க.”

நான் இருந்தேன். சாமான்களை முடிவு செய்ய அமைத்த தேர்வுக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டதே அதற்காகத்தான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகில் இருந்தவன் நான். ‘கடல் அனுபவம்: ஒன்பது ஆண்டு’ என்று என் பதிவேட்டில் இருக்கிறது. பெருங்காற்றில் ஓர் அளவுக்கு மேல் துணி விரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு நாளில் கயிறு இழுத்துக்கொண்டு போனதில் என் இடது சுண்டுவிரல் இன்றுவரை மடங்காது. ஒன்பது வருடக் கடல் எனக்குக் கொடுத்தது அந்த விரல் ஒன்றைத்தான். பன்னிரண்டு வருட அலுவலகம் மூன்று பதவி உயர்வு கொடுத்திருக்கிறது. எது பெரிய ஆசான் என்று நீங்களே சொல்லுங்கள்.

குழுவின் தலைவர் துணை இயக்குநர். மக்கள் தொடர்பு அதிகாரி அம்மையார் ஓர் உறுப்பினர், பண்டகக் காப்பாளர் இன்னொருவர். நல்ல வேளையாகக் குழு கூடுவதற்குப் பத்து நாள் முன்புதான் இயக்ககம் முழுவதும் ‘நேர்மறை மொழி’ப் பயிற்சி பெற்றிருந்தது. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து மூன்று நாள் எங்கள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் புன்னகைக்கக் கற்றுக்கொடுத்தார். கையேடு ஒன்றும் தந்தார். அதன்படி ‘பிரச்சினை’ என்று சொல்லக்கூடாது, ‘வாய்ப்பு’ என்று சொல்ல வேண்டும். ‘விபத்து’ என்பது ‘எதிர்பாராத கற்றல்’. ‘முடியாது’, ‘ஆபத்து’, ‘வேண்டாம்’ போன்ற சொற்களை யாராவது உச்சரித்துவிட்டால் எழுந்து நின்று இரண்டு முறை கைதட்ட வேண்டும். அந்தச் சத்தத்தில் எதிர்மறை அதிர்வு கலைந்துவிடும். இதற்குப் பிறகு எங்கள் இயக்ககத்தில் ஒரு பிரச்சினைகூட இல்லை. எழுந்து நிற்க யாருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

முதல் கூட்டத்தில் பாயின் அளவை எடுத்துக்கொண்டோம். மைத்துனன் நிபுணர் என்ற முறையில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மக்கள் தொடர்பு அதிகாரி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“கரையில விருந்தினர் உட்கார்ற இடத்துல இருந்து முந்நூறு மீட்டர் வரைக்கும் நம்ம பேர் படிக்கறாப்பல இருக்கணும். ஒரு எழுத்து ஒண்ணரை அடி உயரம். முப்பது எழுத்து. மேல இயக்குநரோட சிரிச்ச முகம். எல்லாம் கூட்டிப் பார்த்தா பாய் ஒன்பதரை சதுர மீட்டர் வருது.”

“மேடம், ஒன்பதரையை அந்தக் காத்துல பிடிக்க முடியாது” என்றான் மைத்துனன்.

“முடியாது” என்று தலைவர் விரலை உயர்த்தினார். “எந்திரிச்சுத் தட்டுங்க தம்பி.”

அவன் என்னைப் பார்த்தான். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவன் எழுந்து இரண்டு முறை கைதட்டினான்.

“அந்த அளவு பாய் லேசான காத்துக்குத்தான் சார். பெரிய காத்துல ஆளையே தூக்கி அடிச்சுடும். ஆபத்து சார்.”

“தட்டுங்க.”

தட்டினான். “அப்ப பேரையாவது கொஞ்சம் சுருக்கிக்கங்க.”

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். “பேரு ஆணையில இருக்கு தம்பி. காத்து எந்த ஆணையிலயும் கிடையாது. ரெண்டுல எதைச் சுருக்கறது சுலபம்?”

இந்த வாதத்தின் அழகில் நாங்கள் சிறிது நேரம் மெய்ம்மறந்து இருந்தோம். அடுத்து நிறம். ஆரஞ்சு என்று அவன் வாயெடுத்ததுமே மக்கள் தொடர்பு அதிகாரி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. இயக்ககத்தின் அடையாள நிறம் ‘அமைதி நீலம்’. கடிதத் தலைப்பு, திரைச்சீலை, கழிவறைக் கதவு எல்லாம் அமைதி நீலம்தான்.

“நான் விழுந்துட்டா கண்டுபிடிக்கணுமே மேடம்?”

“விழறது, கண்டுபிடிக்கறது… ஏன் இப்படியே யோசிக்கறீங்க? கடல் நீலம், பாய் நீலம். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும். எவ்வளவு அழகு!”

நான் எழுதிய குறிப்பை இங்கே அப்படியே தருகிறேன்: ‘பாயின் பரப்பளவு வீரரின் எதிர்பார்ப்பைவிடத் தாராளமாக அமைந்தது. பாய்க்கும் கடலுக்கும் நிற ஒற்றுமை உறுதி செய்யப்பட்டது. வீரர் இடையிடையே கைதட்டி வரவேற்றார்.’ இதில் ஒரு சொல் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

இரண்டாம் கூட்டம் பலகைக்கு. எங்கள் பண்டகக் காப்பாளரைப் போன்ற நேர்மையான மனிதரை நான் கண்டதில்லை. இயக்ககத்துக்குள் வருகிற எந்தப் பொருளும் நான்காவது மாடிக்கு அவர் கண்முன் வர வேண்டும்; அவர் கையால் வெள்ளை பெயிண்டில் எண் போட வேண்டும்; பிறகுதான் அது பொருள். அதுவரை அது வெறும் வதந்தி. ஒருமுறை ஜெனரேட்டரையே மாடிக்கு வரவழைத்து எண் போட்டு இறக்கியவர்.

“நூத்தி முப்பது லிட்டர்ங்கறீங்களே, உள்ள தண்ணி ஊத்தணுமா?” என்று கேட்டார்.

“இல்ல சார், அது மிதப்போட அளவு. என் எடை எழுபத்தெட்டு. பாய், கம்பம் எல்லாம் சேர்த்தா தொண்ணூறு தாண்டும். பலகை அதைவிட நல்லா அதிகமா தாங்கணும். இல்லன்னா காத்து நின்ன உடனே என்னோட சேர்ந்து முங்கிடும்.”

“நீளம்?”

“ரெண்டரை மீட்டர்.”

பண்டகக் காப்பாளர் அளவு நாடாவோடு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து வியர்வையோடு திரும்பினார். லிஃப்டுக்குள் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் இரண்டு மீட்டர் முப்பது. அதற்கு மேல் ஒரு விரல்கூட நுழையாது. படிக்கட்டில் மூன்றாம் மாடித் திருப்பத்தை முப்பது வருடக் கோப்புகள் அடைத்திருக்கின்றன.

“கீழ வச்சே எண் போட்டுடுங்களேன் சார்” என்றான் மைத்துனன்.

“பெயிண்ட் டப்பா நாலாவது மாடிப் பொருள் தம்பி. அதைக் கீழ இறக்க தனிக் குழு போடணும்.”

ஆகவே லிஃப்டில் நுழைகிற பலகை தேர்வானது. எண்பத்தைந்து லிட்டர். எண்பத்தைந்து லிட்டரில் எழுபத்தெட்டு கிலோ மனிதன் ஒன்பதரை சதுர மீட்டர் பாயோடு ஏறினால், காற்று குறைந்த நொடியில் பலகை முழங்காலுக்குக் கீழே போய்விடும். அதை நான் கூட்டல் கழித்தல் இல்லாமலே சொல்வேன். சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன் என்பது உண்மை. அந்த நேரம் பார்த்துத் தலைவர் என் பக்கம் திரும்பி, “நம்ம செயலாளர் கடல்ல ஒன்பது வருஷம் இருந்தவர். அவரே பேசாம இருக்கார்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். இவ்வளவு நம்பிக்கை வைத்த மனிதரை எப்படி ஏமாற்றுவது? நான் புன்னகை செய்தேன். பயிற்சியில் கற்றுக்கொண்ட புன்னகை.

வீட்டில் தினமும் விசாரணை நடக்கும்.

“பாய் என்ன ஆச்சு? அஞ்சு மீட்டர்தானே?”

“அதுக்கு மேலேயே குடுத்திருக்காங்க.”

“மேலேயேன்னா நல்லதா?”

“பெரிய மனசு உள்ளவங்கம்மா.”

அவளுக்குக் கடல் தெரியாது. என்னைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் ஏதோ உள்ளுக்குள் ஏற்பாடு செய்துகொண்டிருப்பதாக அவன் நம்பியிருக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது பசியாகத்தான் இருந்தது.

மூன்றாம் கூட்டம் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. சாமான்கள் எல்லாம் எண் போடப்பட்டு வந்துவிட்டன. கடலில் சோதித்துப் பார்க்கலாம் என்றான் மைத்துனன். கடலில் சோதித்தால் குழு பார்க்க முடியாது, குழு பார்க்காதது சோதனை ஆகாது என்று தலைவர் விளக்கினார். எனவே கூட்ட அறையிலேயே நாற்காலிகளை ஒதுக்கி, தரைவிரிப்பின் மேல் பலகையைப் போட்டோம். மூன்று பிரிவுகளிலிருந்து மூன்று நிற்கும் மின்விசிறிகள் கொண்டுவரப்பட்டன. இரண்டு துண்டாக லிஃப்டில் வந்த கம்பத்தைப் பொருத்தி நட்டபோது மேல்தளம் இடித்தது. பாயைப் படுத்தவாக்கில், மேசைக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு மைத்துனன் பலகை மேல் நின்றான். இடுப்பில் வார் கட்டியிருந்தான். அது ஒன்றுதான் அவன் கேட்டபடியே வந்த பொருள். யாருக்கும் அதன்மேல் எழுத்து எழுதத் தோன்றவில்லை.

“ஒண்ணுல வைங்க” என்றார் தலைவர்.

மின்விசிறிகள் ஓடின. பாயில் இயக்குநரின் முகம் லேசாகக் கன்னம் உப்பியது.

“ரெண்டு.”

கோப்புகளிலிருந்து சில தாள்கள் பறந்தன.

“மூணு! முழு வேகம்!”

தேநீர்க் கோப்பை ஒன்று கவிழ்ந்தது. மைத்துனன் அசையாமல் நின்றான். பலகை தரைவிரிப்பில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

“அடேயப்பா! எப்படி நிக்குது பாருங்க!” என்று பண்டகக் காப்பாளர் கண் கலங்கினார். ‘உச்ச வேகக் காற்றிலும் அசையாத நிலைத்தன்மை’ என்று சான்று எழுதினேன். நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.

மிச்சமிருந்தது லைஃப் ஜாக்கெட். அதைப் போட்டால் பனியனில் இருக்கும் இயக்கக முத்திரை மறைகிறது. பனியனுக்கு உள்ளே போடச் சொன்னார்கள். போட்டான். மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

“தொப்பை மாதிரி தெரியுதே. இளமைத் துடிப்புன்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கோம்.”

ஆகவே ஜாக்கெட், விழாவன்று கரையோரம் நிற்கும் விருந்தினர் படகில் பத்திரமாக இருக்கும், தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. வயர்லெஸ் கருவி ஒன்றே ஒன்று வாங்கியிருந்தோம். அதை இயக்குநர் வைத்துக்கொள்வதே பதவிக்கு ஏற்றது என்பதில் இரண்டு கருத்து இல்லை. அவர் மறுமுனையில் யாரோடு பேசுவார் என்று மைத்துனன் கேட்டான். கேள்வியில் தடைசெய்யப்பட்ட சொல் எதுவும் இல்லாததால் அவனைக் கைதட்டச் சொல்ல முடியவில்லை. கூட்டம் முடிந்தது என்று தலைவர் அறிவித்தார். வீட்டில் கேட்டபோது, ஜாக்கெட்டைப் பனியனுக்கு உள்ளே போட்டுப் பார்த்தோம் என்றேன்; அதிலும் பொய் இல்லை.

விழா நாள் வந்தது. கரையில் பந்தல், அமைதி நீல நாற்காலிகள், ஒலிபெருக்கி. அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே என் மடங்காத சுண்டுவிரல் வலித்தது. காற்று பந்தலின் ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்கு யாரும் எண் போட்டிருக்கவில்லை.

மைத்துனன் பலகையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, பாயைப் படுக்கவைத்து, பலகையின் மேல் ஒரு காலை ஊன்றி நின்றான். வாழ்த்து மடல் பிளாஸ்டிக் உறையில் அவன் முதுகில் கட்டியிருந்தது. நான் அவன் கழுத்திலிருந்த மாலையைச் சரிசெய்யும் பாவனையில் அருகே போனேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டான்.

“அத்தான். குழுவை விடுங்க. நீங்க சொல்லுங்க. போலாமா?”

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் போதும். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் அதிகபட்சம் இரண்டு முறை கைதட்டியிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் வயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்.

“நேர்மறையா யோசிப்பா” என்றேன்.

அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். பிறகு பாயை உயர்த்தினான்.

பாயைக் காற்று பிடித்த வேகத்தில் பலகை கரையிலிருந்து தெறித்தது. முப்பது எழுத்தும் இயக்குநரின் முகமும் ஐந்தே நிமிடத்தில் சிறு புள்ளியாகின. அடுத்த நிமிடம் புள்ளியையும் காணவில்லை. பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. “கண்ணுக்கே தெரியாத வேகம்!” என்று மக்கள் தொடர்பு அதிகாரி ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

நான் தலைவரிடம் போனேன்.

“சார், பாய் தெரியல.”

“நீலம்யா. தெரியாது. அதுதானே அழகு?”

அரை மணி நேரம் வரவேற்புரை. நான் குறிப்பு எழுதினேன். முக்கால் மணி நேரம் இயக்குநர் உரை. நான் குறிப்பு எழுதினேன். ஒன்றரை மணி நேரத்தில் தீவுக் கிளையிலிருந்து தொலைபேசி வந்தது: யாரும் வரவில்லை. மடல் தாமதமாக வந்தால் அதை எந்தத் தேதியில் பதிவது என்றும் கேட்டார்கள். இதைப் பற்றி மேடையில் கலந்தாலோசனை நடந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். வந்த வேகத்தில் ஒலிபெருக்கியை மக்கள் தொடர்பு அதிகாரியின் கையிலிருந்து பிடுங்கினாள்.

“என் தம்பியைக் காணோம்! நீங்கல்லாம் மனுஷங்கதானா? படகை எடுங்கய்யா!”

“‘காணோம்’ வேண்டாமே மேடம், ‘இன்னும் வந்து சேரலை’ன்னு…” என்று அதிகாரி தொடங்கினார். தன் வாயிலிருந்து ‘வேண்டாம்’ வந்ததை உணர்ந்து அவரே இரண்டு முறை கைதட்டிக்கொண்டார். அதற்குள் என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விருந்தினர் படகில் ஏறியிருந்தாள். படகோட்டி யார் உத்தரவையும் கேட்கவில்லை. நானும் ஏறப் போனேன். “நீங்க இருங்க. எழுதுங்க” என்றாள்.

இரண்டு மணி நேரம் நீல நிறத்துக்குள் நீல நிறத்தைத் தேடியிருக்கிறார்கள். தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பாயின் மேலேயே படகு ஏற இருந்தது. அவள்தான் தலையைப் பார்த்தாள். பலகை மார்பளவு ஆழத்தில் கிடக்க, அதை ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறான். கரையிலிருந்து ஏழாவது கிலோமீட்டரில், பாய் அவனை வாரோடு சேர்த்துத் தூக்கிக் கம்பத்தின் மேல் அடித்திருக்கிறது. வலது தோள் மூட்டு கழன்று, இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது. உயிர் இருந்தது. வாழ்த்து மடலும் நனையாமல் இருந்தது. மாலைச் செய்தியில் அதைத்தான் சொன்னார்கள்.

என் மனைவி இப்போது என்னோடு பேசுவதில்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். எங்கள் வீட்டில் எதிர்மறைச் சொல் ஒன்றுகூடக் கேட்பதில்லை. வேறு சொல்லும் கேட்பதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பாரபட்சம் இல்லாமல் இருக்க வேண்டும், விஷயமும் தெரிந்திருக்க வேண்டும் என்று இயக்குநர் நீண்ட நேரம் யோசித்துத் தேர்வுக் குழுவையே விசாரணைக் குழுவாக அறிவித்தார். அதே அறை, அதே காலண்டர், அதே செயலாளர். சாட்சியாக மைத்துனனை அழைத்திருந்தோம். தோளில் கட்டும் கழுத்தில் தூளியுமாக அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு கையால் தட்ட இயலாது என்பதால் அவனுக்குக் கைதட்டலிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மனிதாபிமானத்தில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆறு கேள்விகள் சுமுகமாக முடிந்தன. மின்விசிறிச் சோதனையில் தேறிய பாய் கடலில் தேறாததற்குக் கடலே காரணம் என்று கண்டோம். பலகை முழுமையாக மூழ்காமல் மார்பளவிலேயே நின்றதற்காகப் பண்டகக் காப்பாளரைப் பாராட்டினோம். வீரர் முன் அனுமதியின்றி விழுந்ததை மன்னித்தோம். எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டு வந்தேன்.

தலைவர் தாளைத் திருப்பினார்.

“கேள்வி ஏழு. தேர்வுக் குழுவில் கடலை அறிந்த உறுப்பினர் எவரேனும் இருந்தாரா?”

என் பேனா நின்றது. என் பதிவேடு அவர் முன்னால்தான் இருந்தது. பண்டகக் காப்பாளர் கண்ணாடியைத் துடைத்தார். மக்கள் தொடர்பு அதிகாரி மடிக்கணினியை மூடினார். தலைவர் என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். ‘இருந்தார்’ என்று எழுதினால் அந்த ஆள் யார் என்று எழுத வேண்டும். ‘இல்லை’ என்று எழுத என் கையே கூசியது.

மைத்துனன்தான் பேசினான். குரலில் கோபமே இல்லை.

“இல்லன்னே எழுதுங்க அத்தான். இருந்திருந்தா சொல்லியிருப்பாரு.”

எழுதினேன். ஒருமனதாக ஏற்கப்பட்டது.